வாய் தானாக அசைகிறதா? மாற்று மருந்து கேட்கும் முன்...

கேள்வி: என் அம்மா மனநோய்க்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாக எதையோ மெல்வதுபோல் வாய் அசைகிறது. நாக்கு வெளியே வந்து வந்து போகிறது. மாத்திரையின் பக்கவிளைவாம். அதை நிறுத்திவிட்டு ஜிங்கோ என்ற மரத்தின் இலை மருந்து, வைட்டமின் கொடுக்கலாமா?

பதில்: நிறுத்திவிடாதீர்கள். டார்டைவ் டிஸ்கைனீசியா என்னும் இந்த அசைவு, டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையை மாத்திரை நெடுநாள் தடுத்து வைப்பதால் வருவது. சட்டென்று நிறுத்தினால் அசைவு கூடும். பழைய நோயும் தலைதூக்கும். அளவைக் குறைப்பதும், குளோசபின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவதும் டாக்டர் படிப்படியாகச் செய்ய வேண்டியவை.

மாற்று மருந்துகளில் ஓரளவு நல்ல ஆதாரம் உள்ளது ஜிங்கோவுக்குத்தான். ஆய்வில் கொடுத்தது தரப்படுத்திய இலைச்சாறு, தினம் 240 மி.கி., 12 வாரம். இலைப்பொடி அதற்கு ஈடாகாது. விதை வலிப்பையே வரவழைக்கலாம். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் உண்டு.

வைட்டமின் பி6 சிறிய ஆய்வுகளில் பலன் தந்தது உண்மை. ஆனால் அளவு தினம் 1200 மி.கி.! உடலுக்கு வேண்டியதோ 2 மி.கி.க்கும் குறைவு. அந்த அளவில் நீடித்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். நீங்களாகத் தொடங்கவே கூடாது. வைட்டமின் ஈ, வந்த அசைவைக் குறைப்பதில்லை. மோசமாவதை மட்டும் தடுக்கக்கூடும். பூனைக்காலி விதை வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள லெவோடோபா உடலில் டோபமைனாக மாறி மனநோயைக் கிளறிவிடும்.

இந்த அசைவுக்கென்றே வால்பெனசின், டியூடெட்ராபெனசின் என்ற மருந்துகளுக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பழைய டெட்ராபெனசினும் உண்டு; அதில் மனச்சோர்வு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். மாற்று மருந்தைத் தேடும் முன் இவற்றைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் ஒரு வீடியோ எடுங்கள். பதற்றத்தில் அசைவு கூடும், தூக்கத்தில் அடங்கும், கண்மதிப்பு ஏமாற்றிவிடும். வாயில் எதுவும் இல்லாமல், கைப்பிடியற்ற நாற்காலியில், கைகளை முழங்காலில் வைத்து உட்காரட்டும். ஒரு நிமிடம் சும்மா இருந்தபின் வாயைத் திறந்து நாக்கை நீட்டட்டும். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை வேகமாகத் தொடட்டும். ஒவ்வொரு கைக்கும் 10 முதல் 15 விநாடி. மாதம் ஒருமுறை, அதே நேரத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். பல்செட் தளர்ந்திருந்தாலும் வாய் அசையும், அதையும் பாருங்கள்.

கேள்வி: கைநடுக்கத்துக்குக் கொடுத்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இதற்கும் உதவுமா?

பதில்: பெரும்பாலும் உதவாது, வாய் அசைவைக் கூட்டவும் செய்யும். கழுத்து, உடல் முறுக்கிக்கொள்ளும் வகைக்கு மட்டும் சிலருக்குப் பயன்படும். இதையும் திடீரென நிறுத்தக்கூடாது. சிறிது சிறிதாகக் குறைக்கலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.