வாழ்த்தை வாங்கிக்கொள்ளாத நண்பர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் கிறிஸ்தவன் அல்ல. என்னோடு வேலை பார்க்கும் நண்பர் கிறிஸ்தவர், அதுவும் பெயருக்குக் கிறிஸ்தவர் இல்லை. மேசையில் எப்போதும் வேதாகமம் இருக்கும். சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிப்பார். நாங்கள் பழகத் தொடங்கியபின் வந்த முதல் கிறிஸ்துமஸ் இது. காலையிலேயே வாழ்த்து அனுப்பினேன். "அன்புக்கு நன்றி. நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

கிறிஸ்து பிறந்த நாளைக் கொண்டாடாமல் ஒருவர் எப்படிக் கிறிஸ்தவராக இருக்க முடியும்? டிசம்பர் 25 உண்மையில் ரோமானியர்களின் சூரியக் கடவுளுக்கான நாள், அதனால்தான் சிலர் ஒதுக்குகிறார்கள் என்று இன்னொரு நண்பர் சொன்னார். அது உண்மையா? அல்லது மற்றவர்களின் மகிழ்ச்சியைக் கண்டாலே ஆகாத மனநிலைதானா? அடுத்த வருடம் நான் என்ன செய்ய வேண்டும், ஏற்கெனவே அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற வீட்டில் பிறந்தவன், இன்றும் கொண்டாடுகிறவன். ஆனால் என் சித்தப்பா கொண்டாடமாட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வருவார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார், ஆராதனைக்கு மட்டும் வரமாட்டார். சின்ன வயதில் அவரைக் கஞ்சன் என்று நினைத்திருந்தேன். பரிசு வாங்கித் தராமல் தப்பிக்க இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று எனக்கும் என் தம்பிக்கும் உறுதியான எண்ணம். குடும்பத்தில் எல்லோரையும்விட அதிகமாக வேதம் வாசித்தவர் அவர்தான் என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. ஆகவே உங்கள் நண்பருக்காகக் கொஞ்சம் வக்காலத்து வாங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் கேள்வியைத் திருப்பிப் போட்டால் வேறு மாதிரி தெரியும். கிறிஸ்தவத்தின் முதல் இருநூறு ஆண்டுகளில் கிறிஸ்துவின் பிறப்புக்கென்று ஒரு பண்டிகை இருந்ததற்குத் தடயமே இல்லை. மாற்கும் யோவானும் தங்கள் சுவிசேஷங்களில் பிறப்பின் கதையைச் சொல்லவேயில்லை. சொன்ன மத்தேயுவும் லூக்காவும் தேதி தரவில்லை. 200ஆம் ஆண்டை ஒட்டி அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட் என்ற சபை ஆசிரியர் எழுதும்போது, சிலர் அந்த நாளைக் கணக்குப் போட்டு மே மாதத்தில் வைக்கிறார்கள் என்கிறார். அந்த ஆராய்ச்சியில் அவருக்குப் பெரிய மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த தலைமுறையில் ஓரிஜன் என்ற வேத அறிஞர் ஒருபடி மேலே போனார். வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் எகிப்து மன்னன் பார்வோனும் கலிலேயாவை ஆண்ட ஏரோதும்தான், பரிசுத்தவான்கள் ஒருவரும் இல்லை என்று சுட்டிக்காட்டினார். பார்வோனின் விருந்தில் சுயம்பாகிகளின், அதாவது சமையல்காரர்களின், தலைவன் தூக்கில் தொங்கினான். ஏரோதின் விருந்தில் யோவான் ஸ்நானகனின் தலை தட்டில் வந்தது. பிறந்தநாள் விழாக்களுக்கு நல்ல விளம்பரம் இல்லைதான்.

384 வாக்கில்கூட இந்தப் பண்டிகை எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. 386இல் அந்தியோகியாவில் பிரசங்கித்த போதகர் யோவான் கிறிசோஸ்தம், இந்த நாள் நமக்குத் தெரியவந்து பத்து வருடம்கூட ஆகவில்லை என்று ஒப்புக்கொண்டே அதற்காக வாதாடுகிறார். ஆர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபை இன்றும் டிசம்பர் 25ஐ எடுத்துக்கொள்ளவில்லை. பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து ஜனவரி 6இல் அனுசரிக்கிறது. எனவே கொண்டாடாத கிறிஸ்தவர் உங்கள் நண்பர் கண்டுபிடித்த புது ரகம் இல்லை. கொண்டாடுகிற எங்களைவிடப் பழைய ரகம்.

இனி சூரியக் கடவுள். கொண்டாடாதவர்கள் சொல்லும் காரணங்களில் அதிகம் பரவியது இதுதான், என் கணக்கில் ஆகப் பலவீனமானதும் இதுதான். டிசம்பர் 25ஐக் கிறிஸ்துவின் பிறப்போடு இணைக்கும் உறுதியான முதல் சான்று, 354இல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாள்காட்டித் தொகுப்பில் இருக்கிறது. அதிலுள்ள பட்டியல் 336ஐ ஒட்டியது. அதே நாளில் 'வெல்லப்படாதவனின் பிறப்பு' என்ற சூரிய விழாவைக் குறிக்கும் பழைய சான்று எங்கே இருக்கிறது தெரியுமா? அதே தொகுப்பில்! ரோமப் பேரரசர் ஔரேலியன் 274இல் சூரியனுக்கு ரோமில் கோயில் எழுப்பியது உண்மை. ஆனால் யார் யாரைப் பார்த்து நாளை எடுத்தார்கள் என்பதை அந்த ஒரு தொகுப்பை வைத்துத் தீர்க்க முடியாது. சிலர் மூலமாகக் காட்டும் இன்னொரு ரோமானியப் பண்டிகையான சட்டர்னாலியா டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும், அது 25ஐத் தொடவே இல்லை.

இன்னொரு விளக்கமும் உண்டு. கிறிஸ்து சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று மேற்கில் சிலர் கணக்கிட்டிருந்தார்கள். மரித்த நாளிலேயே கருவிலும் உருவாகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கில் ஏப்ரல் 6 என்று வைத்தவர்களுக்கு ஜனவரி 6. இரண்டு தேதிகளையும் ஒரே கணக்கு விளக்கிவிடுவதால் எனக்கு இதன்மேல் ஒரு சாய்வு உண்டு, அவ்வளவுதான். பழைய ஏற்பாட்டில் எரேமியா 10இல் காட்டில் வெட்டிய மரத்தை வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பது வருகிறதே, அது கிறிஸ்துமஸ் மரம்தானே என்றும் கேட்பார்கள். அது விக்கிரகம் செதுக்குவதைப் பற்றிய பகுதி. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் வீட்டுக்குள் மரம் நிறுத்தும் வழக்கம் தோன்ற அதற்குப் பிறகு இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் ஆனது.

சரி, சூரியனின் நாள் என்றே வைத்துக்கொள்வோம். சூரியனுக்காக டிசம்பர் 25ஐ விலக்குகிறவர் வாரம் தவறாமல் சபை கூடும் நாளுக்குத் தமிழில் என்ன பெயர்? ஞாயிறு. சித்தப்பாவிடம் இதைச் சொல்லி மடக்கிவிட்டதாக ஒருமுறை நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "அதனால்தான் குவேக்கர்கள் கிழமைப் பெயர்களையே விட்டுவிட்டு முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று சொன்னார்கள்" என்றார். உண்மைதான். குவேக்கர்கள் என்ற அந்தக் கிறிஸ்தவப் பிரிவினருக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி பரிசுத்தம். ஒரு நாளை உயர்த்தினால் மற்ற நாட்களைத் தாழ்த்தியதாகிவிடும். அந்த அளவுக்குப் போகிறவர்களோடு நான் வாதாடமாட்டேன், தொப்பியைக் கழற்றிவிடுவேன்.

சித்தப்பாவின் காரணம் சூரியனும் இல்லை, குவேக்கர்களின் காரணமும் இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "கட்டளை எங்கே?" கிறிஸ்து தன்னை நினைவுகூரச் சொன்னது ஒரு காரியத்தின் மூலம்தான். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்து, "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்றார். அது மரணத்தின் நினைவு. பிறப்பை நினைவுகூரும்படி அவரும் சொல்லவில்லை, அப்போஸ்தலரும் சொல்லவில்லை. தேவனை எப்படித் தொழுவது என்பதைத் தேவன்தான் சொல்ல வேண்டும், நமக்கு அழகாகத் தோன்றுவதையெல்லாம் கொண்டுபோய் வைக்கக் கூடாது. லேவியராகமத்தில் ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் கட்டளையிடப்படாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து அங்கேயே மடிந்தார்கள். நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்திருக்கவும் கூடும். இதுதான் அந்த வாதத்தின் முதுகெலும்பு.

ஐரோப்பாவில் கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டண்டுகள் பிரிந்த சீர்திருத்த காலத்தில் இது சபைகளைப் பிரித்த கோடு. ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் வழி வந்தவர்கள் வேதம் தடுக்காததைச் செய்யலாம் என்றார்கள். ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின் வழியில் கடுமையானவர்கள், வேதம் சொல்லாததை ஆராதனையில் செய்யக் கூடாது என்றார்கள். 1560இல் ஸ்காட்லாந்தின் சீர்திருத்தவாதிகள் வேத ஆதாரம் இல்லாத பண்டிகைகளைத் தள்ளிவிட்டார்கள். அதன் பாதிப்பு எவ்வளவு ஆழம் என்றால், அங்கே கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனது 1958இல்தான். கால்வின் மரபு முழுக்க ஒரே குரல் என்றும் நினைத்துவிட வேண்டாம். சுவிஸ் சபைகளின் 1566ஆம் ஆண்டு விசுவாச அறிக்கை, கிறிஸ்தவ சுதந்தரத்தின்படி ஒரு சபை கர்த்தரின் பிறப்பை அனுசரித்தால் அதை மிகவும் ஆதரிப்பதாகவே சொல்கிறது.

'கட்டளை எங்கே' என்பதற்கு என்னிடமும் பதில் உண்டு. யூதர்களின் பூரீம் பண்டிகையை மோசே கட்டளையிடவில்லை. எஸ்தரின் காலத்து யூதர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டார்கள். தேவாலயத்தை மறுபடி அர்ப்பணித்ததன் நினைவான பிரதிஷ்டைப் பண்டிகை அதற்கும் பிந்தியது. யோவான் 10இல் அந்தப் பண்டிகையின்போது இயேசு தேவாலயத்தில் உலாவுகிறார், ஒரு கண்டனமும் இல்லை. சித்தப்பா இதற்கு மறுப்பு சொன்னார், அதற்கு நான் ஒன்று சொன்னேன். இருபது வருடம் போனது. இருவரும் நகரவில்லை.

அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். மதிப்புக் குறைவது அது சட்டமாகும்போது. இங்கிலாந்தில் கால்வின் வழியில் கடுமையான பியூரிட்டன்கள் கையில் நாடாளுமன்றம் வந்ததும், 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்றையும் ஒழித்து ஆணை போட்டார்கள். அந்த டிசம்பர் 25இல் காண்டர்பரியில் மேயர் கடைகளைத் திறக்கச் சொல்ல, கலவரம் வெடித்தது. 1660இல் அரசர் திரும்பியதும் அந்த ஆணை செல்லாமல் போனது. கடலுக்கு அந்தப் பக்கம் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் சட்டம்: கிறிஸ்துமஸ் அனுசரித்தால் ஐந்து ஷில்லிங் அபராதம். அது 1681வரை இருந்தது. குடித்துவிட்டுச் சூதாடும் நாளாக அது மாறிவிட்டது என்ற அவர்களின் புகாரில் உண்மை இருந்தது. ஆனால் வேதம் கட்டளையிடாத பண்டிகையை மனிதர் திணிக்கக் கூடாது என்று புறப்பட்டவர்கள், வேதம் கட்டளையிடாத அபராதத்தை மனிதர்மேல் திணித்தார்கள்.

இதற்குச் சற்று முன்னால் அதே கரையில் பிளைமத் குடியேற்றத்தில் நடந்தது எனக்குப் பிடித்த சம்பவம். 1621 கிறிஸ்துமஸ் அன்று ஆளுநர் பிராட்ஃபர்ட் வழக்கம்போல் எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார். புதிதாக வந்தவர்கள், இந்த நாளில் வேலை செய்ய மனசாட்சி இடம் தரவில்லை என்றார்கள். மனசாட்சி என்றதும் அவர் விட்டுவிட்டார். மதியம் திரும்பி வந்தால் அவர்கள் தெருவில் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். பந்தைப் பிடுங்கிக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்யும்போது நீங்கள் விளையாடுவது என் மனசாட்சிக்கு இடம் தரவில்லை என்றாராம்.

கிறிஸ்துமஸ் கொண்டாடாத இன்னொரு குழுவான யெகோவாவின் சாட்சிகள் விஷயம் தனி. 1926வரை அவர்களுடைய புரூக்ளின் தலைமையகத்திலேயே கிறிஸ்துமஸ் நடந்தது. புறமதத் தொடர்பு என்று முடிவுசெய்து பிறகு விட்டார்கள். அவர்கள் சொந்தப் பிறந்தநாளும் கொண்டாடுவதில்லை, ஓரிஜன் சொன்ன அதே பார்வோனும் ஏரோதும்தான் காரணம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவத்தை மறுப்பதால் பல சபைகள் அவர்களைக் கிறிஸ்தவர்களாகவே எண்ணுவதில்லை என்பது வேறு வழக்கு. வியாபாரமாகிவிட்டது என்று சலித்து விலகுகிறவர்களும் இருக்கிறார்கள். அது புரிந்துகொள்ள எளிதானது, விளக்கம் தேவையில்லை.

'மற்றவர்களின் மகிழ்ச்சியைக் கண்டால் ஆகாத மனநிலை' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு, எந்தக் கொள்கையிலும் உண்டு. ஆனால் உங்களுக்கு வந்த பதிலை மறுபடி படியுங்கள். நீங்கள் கொண்டாடாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. சூரியனையும் இழுக்கவில்லை. அன்புக்கு நன்றி சொல்லிவிட்டுத் தன்னைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியிருக்கிறார். ரோமர் நிருபம் 14ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் இதே சிக்கலுக்குத்தான் பதில் எழுதுகிறார்: "நாட்களை விசேஷித்துக்கொள்ளுகிறவன் கர்த்தருக்கென்று விசேஷித்துக்கொள்ளுகிறான், நாட்களை விசேஷித்துக்கொள்ளாதவனும் கர்த்தருக்கென்று விசேஷித்துக்கொள்ளாதிருக்கிறான்." கலாத்தியருக்கு எழுதும்போது அதே பவுல் நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று கோபப்படுகிறார், அதைச் சித்தப்பா எனக்கு ஞாபகப்படுத்தாமல் விட்டதில்லை. நான் ரோமரை எடுப்பேன், அவர் கலாத்தியரை எடுப்பார். இருவருக்கும் ஒரே அப்போஸ்தலன்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் செய்தது தவறில்லை, அவர் அப்படி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த வருடம் அந்த வாழ்த்தை மட்டும் விட்டுவிடுங்கள். புத்தாண்டுக்கு அனுப்பலாமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அதிலும் ஆளுக்கு ஒரு கருத்து. உங்கள் நண்பர் எந்தச் சபை என்று நீங்கள் எழுதவில்லை. நான் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட அவருடையதாக இல்லாமல் போகலாம். அதையும் கேளுங்கள். ஆனால் வேலை நேரத்தில் கேட்டுவிடாதீர்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்ன கிறிஸ்தவர் என்று நான் கேள்விப்படுவது உங்கள் நண்பர் ஒருவரைத்தான், அதுவும் எழுத்தில். நேரில் கேட்டால் வேதாகமத்தைத் திறந்துவிடுவார்.