ஜப்பான் பயணம்: நிலநடுக்கத்துக்குப் பயந்து டிக்கெட்டை ரத்து செய்யலாமா?

கேள்வி: வயதான அப்பா அம்மாவோடு டோக்கியோ, கியோட்டோ போக டிக்கெட் எடுத்துவிட்டோம். அங்கே அடிக்கடி நிலநடுக்கம் வரும் என்கிறார்கள். ரத்து செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம், தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் தங்குமிடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 1995 கோபே நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் பழைய மரவீடுகள் இடிந்து விழுந்து மாண்டவர்கள். 1981 ஜூனில் வந்த புதிய கட்டட விதிப்படி கட்டியவை பெருமளவு தாக்குப்பிடித்தன. எனவே முன்பதிவு செய்யும்போதே கட்டிய ஆண்டைக் கேளுங்கள். மரக் கட்டடம் என்றால் 2000-க்குப் பிறகு கட்டியதே நல்லது. அந்த ஆண்டு விதிகள் மேலும் இறுகின.

ரயிலைப் பற்றிக் கவலை வேண்டாம். 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவில் அதிர்ந்தபோதும், ஓடிக்கொண்டிருந்த ஷின்கான்சென் அதிவேக ரயில்களில் ஒரு பயணிகூட உயிரிழக்கவில்லை.

அங்கே டிவியில் ‘4’ என்று வந்தால் பதறாதீர்கள். அது ரிக்டர் அளவு அல்ல. அந்தந்த ஊரில் தரை எவ்வளவு ஆடியது என்று சொல்லும் ‘ஷிண்டோ’. 0 முதல் 7 வரை போகும். 4 என்றால் தொங்கும் விளக்கு நன்றாக ஆடும், அலமாரியில் பாத்திரங்கள் கடகடக்கும். 5-ஐத் தொட்டால்தான் மேசை நாற்காலி நகரும், பொருட்கள் விழும். அப்போது வெளியே ஓடாதீர்கள். கண்ணாடியும் விளம்பரப் பலகையும் மேலே விழலாம். மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளுங்கள். குனிய முடியாத பெரியவர்கள் கட்டிலிலேயே தலையணையால் தலையை மூடிக்கொள்ளட்டும். இரவில் செருப்பு கட்டிலருகே இருக்கட்டும். உடைந்த கண்ணாடி காலைக் கிழிக்கும். லிஃப்டில் இருந்தால் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்தி, நிற்கும் முதல் மாடியில் இறங்கிவிடுங்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது கடலுக்குத்தான். 2011-இல் இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சுனாமி நீரில் மூழ்கியவர்கள். கடலோர ஊருக்குப் போனால், மேட்டுக்குப் போகும் வழியை முதலில் பார்த்து வையுங்கள். நிலம் பலமாகவோ நெடுநேரமோ ஆடினால் சைரனுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே ஏறுங்கள். 2024 ஜனவரி 1 அன்று நிலநடுக்கம் வந்தபோது, நோட்டோ தீபகற்பத்தில் சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. எச்சரிக்கை விலகும்வரை இறங்காதீர்கள். அடுத்து வரும் அலை முதல் அலையைவிடப் பெரிதாக இருக்கலாம்.

‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியைக் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எச்சரிக்கை தரும். நடுக்கம் வந்தால் ரயில்கள் மணிக்கணக்கில் நிற்கக்கூடும். பெற்றோரின் மாத்திரை, தண்ணீர், கொஞ்சம் யென் பணம் மூன்றும் பெரிய பெட்டியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.