ரெண்டு மாசம்தான் கிரிக்கெட்டா?

வணக்கங்க சார்,

ஐபிஎல் முடிஞ்சதுல இருந்து வீடே வெறிச்சுனு இருக்குங்க. ஏழரை ஆனா கை தன்னால ரிமோட்டைத் தேடுது. 2018 ஃபைனல்ல வாட்சன் அடிச்ச 117, அதையே திரும்பத் திரும்ப போட்டுப் பாத்துட்டிருக்கேன், வீட்டுக்காரம்மா திட்டுறாங்க. ஃபுட்பால், கபடின்னு பாக்கலாமா, இல்ல ஃபேன்டஸி ஆப்ல ஏதாச்சும் ஆடலாமா? அடுத்த மார்ச் வரைக்கும் எப்படிங்க ஓட்டுறது?

மஞ்சச் சட்டை ரசிகன், கோயம்புத்தூர்

அன்புள்ள தம்பி,

வீட்டுக்காரம்மா திட்டுனது சரி, அதுல நான் தலையிடல. கபடி பாருங்க, ஃபுட்பால் பாருங்க, யாரு வேணாம்னா. காசு கட்டி ஃபேன்டஸி ஆடுறத 2025-லயே சட்டம் போட்டுத் தடை பண்ணியாச்சு, அதை விடுங்க.

எனக்கு சுருக்குனு பட்டது அந்தக் கடைசி வரிதான், "அடுத்த மார்ச் வரைக்கும்". ரொம்ப நாளா மனசுக்குள்ள ஓடிட்டிருந்த விஷயம், நீங்களா வந்து மாட்டிக்கிட்டீங்க. ஐபிஎல் ரெண்டு மாசம்யா. மிச்ச பத்து மாசம் அந்தப் பசங்கல்லாம் கால நீட்டிப் படுத்துக் கெடக்குறாங்கன்னு நெனச்சீங்களா?

2024 பிப்ரவரி, உங்க ஊரு, ராமகிருஷ்ணா காலேஜ் கிரவுண்ட். ரஞ்சி கோப்பை, மாநில டீமுங்க மோதுற நாலஞ்சு நாள் மேட்ச், அதுல காலிறுதி, தமிழ்நாட்டுக்கு எதிர்ல சௌராஷ்டிரா, முந்தின வருஷ சாம்பியன், புஜாரா வேற ஆடுறாரு. மூணே நாள்ல இன்னிங்ஸ் அண்ட் 33 ரன்ல அடிச்சு அனுப்புனாங்க நம்ம பசங்க, அவங்க ரெண்டு தடவை ஆடியும் நாம ஒரு தடவை அடிச்சதைத் தொட முடியல. கேப்டன் சாய் கிஷோர் ரெண்டு இன்னிங்ஸ்லயும் சேத்து 9 விக்கெட், மூணாவதா தானே இறங்கி 60 ரன். நீங்க அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க? தோனி எப்ப சென்னைக்கு வருவாருன்னு போனையே பாத்துட்டிருந்திருப்பீங்க. இந்த சாய் கிஷோர் யாருங்க? 2020 ஏலத்துல உங்க மஞ்ச டீமே 20 லட்சத்துக்கு எடுத்து ரெண்டு சீசன் பெஞ்சுல உக்கார வெச்ச பையன், ஒரு மேட்ச் ஆடல. 2022-ல குஜராத் 3 கோடிக்குத் தூக்கிட்டுப் போனப்ப "யாருடா இது"ன்னு கேட்டதும் உங்க ஆளுங்கதான். கோவமா வருது தம்பி, உங்க மேல மட்டும் இல்ல, இருந்தாலும் கடிதம் போட்டது நீங்கதானே.

என் சித்தப்பா ஒருத்தர் இருந்தாரு. 1988-ல சேப்பாக்கத்துல ரஞ்சி ஃபைனல், ரயில்வேஸ் கூட. ஆபீஸுக்கு வயித்துவலின்னு சொல்லிட்டு என்னையும் இழுத்துட்டுப் போனாரு. பழைய டைரில பென்சில்ல ஸ்கோர் எழுதுவாரு, ரன் இல்லாத பாலுக்கு ஒரு புள்ளி, அந்தப் புள்ளிய அமுக்கி வெக்கிறதுலயே பவுலர் மேல அவருக்கு எவ்ளோ மரியாதைன்னு தெரிஞ்சிடும். தமிழ்நாடு அடிச்சது 709. டைரில பக்கம் தீந்து போயி மறுநாள் வீட்டுப் பால் கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்துட்டாரு, இங்க சித்தி பால்காரருக்கு கணக்கு சொல்ல முடியாம வீடு பூரா தேடிட்டிருந்தாங்க. அந்த வருஷம் கப்பு நம்மளுது. அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் ரஞ்சி கப்பு தமிழ்நாட்டுக்கு வரல, இது எத்தன பேருக்கு உறுத்துது சொல்லுங்க? ஐபிஎல்ல ஒரு வருஷம் பிளேஆஃப் போகலன்னா சோறு எறங்க மாட்டேங்குது.

காலி ஸ்டாண்டுல உக்காந்து ஒரு நாள் ஸ்பின் பாருங்க. கீப்பர் தமிழ்ல பவுலரை உசுப்பேத்துறது காதுல விழும், பேட்டும் பேடும் ஒட்டி பால் படுறப்ப வர்ற அந்த மொத்தையான சத்தம் டிவியில வரவே வராது, ஷார்ட் லெக்ல, பேட்ஸ்மேனுக்கு ஒட்டுனாப்ல நிக்கிற பையன் ஒவ்வொரு பாலுக்கும் ஹெல்மெட்டை இறக்கி இறக்கி விட்டுட்டு குனிவான், பாவம், அடி வாங்குறதுக்குன்னே நிக்கிறவன் அவன், பேரு கூட யாருக்கும் தெரியாது. ரஞ்சிக்கு பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது, சும்மா நடந்து உள்ள போயிடலாம்.

ஆகஸ்ட் வாக்குல புச்சிபாபு டோர்னமென்ட் வரும், அதுக்கு அப்புறம் ரஞ்சி. கோயம்புத்தூர்ல மேட்ச் போட்டாங்கன்னா எழுதுங்க, நானும் பஸ் ஏறி வந்துடுறேன். தொப்பியும் தண்ணி பாட்டிலும் எடுத்துக்குங்க, முடிஞ்சா வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. விசில் மட்டும் வேணாம், கீப்பர் பேசுறது கேக்காது.