சொல்லச் சொல்ல எழுதியவர்கள்

கேள்வி: இரண்டு வருடமாக உங்கள் பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறேன். ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் திரும்பி வருகிறது. எழுதக் கற்றுக்கொடுக்க நல்ல குரு இருந்தால் சொல்லுங்கள். தஞ்சாவூரில் நடக்கும் இரண்டு நாள் சிறுகதைப் பயிலரங்கில் சேரலாமா? மற்றவர்களை நிறையப் படித்தால் என் நடை கெட்டுவிடுமோ என்றும் பயம்.
— ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: படிக்காமலே இருந்தால், கெடுவதற்கு நடை ஏது?

1871-இல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது உ.வே.சா.வுக்கு 16 வயது. 1876-இல் பிள்ளை காலமாகும்வரை அவரிடம் பாடம் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஒன்று மாற்றி ஒன்று. அதோடு, பிள்ளை புதிய செய்யுள்களைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் வேலையும் இருந்தது. ஒரு பாட்டு எப்படி எழும்பி எங்கே திரும்புகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைவிடப் பெரிய பயிலரங்கு எது?

கும்பகோணத்துக்காரரான சிறுகதை எழுத்தாளர் கு.ப.ரா.வுக்குக் (கு.ப. ராஜகோபாலன்) கண் பார்வை போயிருந்த காலத்தில் அவர் கதை சொல்ல, எழுதிக்கொண்டவர் தங்கை சேது அம்மாள். பிற்பாடு அந்த அம்மாளும் சிறுகதை எழுத்தாளரானார்.

உங்களுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. சரி, புத்தகம் இருக்கிறதே. கு.ப.ரா. கதை ஒன்றை எடுத்துக் கையால் பிரதி செய்யுங்கள். தட்டச்சு வேண்டாம், விரல் ஓடிவிடும். பேச்சு எங்கே தொடங்குகிறது, யார் பதில் சொல்லாமல் இருக்கிறார், நீங்களாக இருந்தால் சேர்த்திருக்கக்கூடிய எந்த விளக்கத்தை அவர் விட்டுவிட்டார் என்று ஓரத்தில் குறியுங்கள். பத்துக் கதையைப் புரட்டுவதைவிட ஒரே கதையில் ஒரு மாதம் கிடப்பது மேல்.

அப்புறம் உங்கள் கதையையும் அதே கண்ணால் படியுங்கள். போன தடவை அனுப்பியதில் தை மாதம் குறுவை அறுக்கிறார்கள். நீடாமங்கலத்தில் இருந்துகொண்டு! தையில் அறுப்பது சம்பா என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை, அவ்வளவுதான். விளக்கம் இல்லாமல் திருப்பியதற்கும் அதுதான் காரணம். நீங்களே படிக்காததை நான் ஏன் பத்தி பத்தியாகத் திருத்த வேண்டும்?

குரு கிடைப்பார். ஆனால் 'என் கதை எப்படி சார்?' என்று போய் நிற்காதீர்கள். எந்த மனிதரும் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிடுவார். 'இந்த இடத்தில் இவள் ஏன் எழுந்து போகவில்லை?' என்று பிறர் கதையைப் பற்றிக் கேளுங்கள். நல்ல எழுத்தாளர் என்றால் உட்காரவைத்துப் பேசுவார்.

பயிலரங்குக்குத் தாராளமாகப் போங்கள். நாலு சிநேகிதர்கள் கிடைப்பார்கள். அங்கே கொடுக்கும் சான்றிதழைக் கதையோடு இணைத்து மட்டும் அனுப்பாதீர்கள். சிலர் அனுப்புகிறார்கள்.