பக்கத்து இருக்கைப் பெண்ணின் மதிப்பெண்

கேள்வி: என் மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். தமிழ் நன்றாக வரும், கணக்கில்தான் பின்தங்குகிறாள். பக்கத்தில் உட்காரும் தோழி கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி, என் மகளின் மதிப்பெண்ணோடு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். என் கணவர் 'ஒப்பிடாதே' என்கிறார். பள்ளியிலும் தரவரிசை கொடுப்பதில்லை. கணக்குத் தேர்வுக்கு முதல் நாள் மகளுக்கு வயிற்று வலி வேறு. போட்டியே இல்லாமல் பிள்ளை எப்படி முன்னுக்கு வரும்? அந்தப் பெண் எந்தத் துணைப்பாட வகுப்புக்குப் போகிறாள் என்று கேட்டால் அவள் அம்மா மழுப்புகிறார். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்: போட்டி வேண்டும். இதில் நான் உங்கள் கணவர் கட்சி இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் நடப்பதைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிராளியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். மதிப்பெண்ணை விசாரித்தது நீங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டியது நீங்கள். தோற்கிற வேலையை மட்டும் மகளிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

தரவரிசை போனதில் உங்களுக்கு வருத்தம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் முன்பு கொடுத்த டி-ஸ்கோர் என்ற மதிப்பெண், மற்ற பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. 2021 முதல் அது இல்லை. இப்போது ஒரு பாடத்தில் 90 எடுத்தால் ஏஎல் 1 என்ற முதல் தரநிலை, பக்கத்துப் பிள்ளை 99 எடுத்தாலும் சரி. நான்கு பாடங்களின் ஏஎல்களையும் கூட்டினால் 4 என்பது ஆகச் சிறந்தது, 32 என்பது கடைசி. அந்தத் தோழி கணக்கில் 95 எடுப்பதால் உங்கள் மகளின் ஏஎல் இம்மியும் மாறாது. (உயர்நிலைப் பள்ளி இடத்துக்கு வரிசை இன்னும் இருக்கிறது, தெரியும்.) இன்னொரு பிள்ளை ஏறினால் நம் பிள்ளை இறங்கும் என்ற பழைய கணக்கு நமக்கு ஊறிப்போய்விட்டது. எதிலும் பின்தங்கிவிடுவோமோ என்று பயப்படுகிற 'கியாசு' என்று நம்மை நாமே கேலி செய்துகொள்வோம், அப்புறம் அடுத்த வீட்டு அம்மாவிடம் மதிப்பெண் விசாரிக்கப் போவோம்.

சரி, போட்டி பிள்ளைகளை என்ன செய்கிறது? கூட ஒருவர் ஓட்டும்போது சைக்கிள் பந்தயக்காரர்களின் வேகம் கூடுவதைக் கவனித்தவர் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர். 1898-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில் பிள்ளைகளிடம் தூண்டில் சுருளைக் கொடுத்துத் தனியாக ஒரு தரம், ஜோடியாக ஒரு தரம் சுற்றச் சொன்னார். 40 பிள்ளைகளில் 20 பேர் ஜோடியாகச் சுற்றும்போது வேகமெடுத்தார்கள். 10 பேரிடம் பெரிய மாற்றமில்லை. மீதி 10 பேர் பதற்றத்தில் தடுமாறித் தங்கள் பழைய வேகத்தையும் இழந்தார்கள். போட்டிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் அந்த 20 பேரைப் பற்றியே பேசுவார்கள். உங்கள் மகள் எந்தக் கூட்டம்? வயிற்று வலியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்குக் கடிதத்தில் அந்த வரிதான் பெரிதாகத் தெரிந்தது.

நல்ல போட்டிக்கு நம் ஊரிலேயே கதை இருக்கிறது. சி. குணாளன் காற்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், ஓட்டத்துக்குத் தாமதமாக வந்தார். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், மணி ஜெகதீசன். வயதில் குணாளனுக்கு இளையவர், ஆனால் 1960 ரோம் ஒலிம்பிக்கிலேயே ஓடிவிட்டவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடிந்தது: ஜெகதீசனுக்குத் தங்கம், குணாளனுக்கு வெள்ளி. இரண்டு ஆண்டு கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 10.38 விநாடியில் ஓடித் தேசிய சாதனை வைத்தார். அதே மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டர் அரையிறுதி வரை போனார். ஒருவர் இல்லாமல் மற்றவர் அந்த உயரத்துக்குப் போயிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

குணாளனின் அந்த 10.38 எத்தனை காலம் நின்றது தெரியுமா? 33 ஆண்டு. 2001-ல் கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டில் யூ.கே. ஷியாம் 10.37 ஓடினார். நூறில் ஒரு பங்கு விநாடி! அதையும் தாண்ட 2023-ல் மார்க் பிரையன் லூயிஸ் வர வேண்டியிருந்தது. தடம், காலணி, பயிற்சி எல்லாம் மாறியும் ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? காரணங்கள் பல இருக்கும். என் கணிப்பில் ஒன்று இது: காகிதத்தில் இருக்கும் எண்ணைத் துரத்துவது வேறு, பக்கத்துத் தடத்தில் மூச்சு வாங்க ஓடும் ஆளைத் துரத்துவது வேறு. நீங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பது எண்.

எண்ணைப் பார்த்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆளைப் பார்த்துக் கற்கலாம். அந்தத் தோழி ஒரு நீளமான கணக்கு வந்தால் எங்கே ஆரம்பிக்கிறாள்? கட்டம் வரைந்து பார்க்கிறாளா? தப்பாகிப் போனால் விடையை மட்டும் திருத்துகிறாளா, முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறாளா? இதையெல்லாம் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு உங்கள் மகளுக்கு இருந்தது. இப்போது தோழியைப் பார்த்தாலே அவளுக்கு அந்தத் தாள்தான் கண்ணில் நிற்கும்.

பொறாமையே கூடாது என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. எங்களுக்குப் போட்டியான பத்திரிகை கடைக்கு வந்ததும் முதலில் வாங்கிப் பிரிக்கிறவன் நான். கொஞ்ச நேரம் வயிறு எரியும். அப்புறம் அந்தத் தலைப்பை எப்படிப் பிடித்தார்கள் என்று உட்கார்ந்து பார்ப்பேன், முடிந்தால் அந்த வித்தையைத் திருடிக்கொள்வேன். பத்து, பதினொரு வயதுப் பிள்ளையிடமும் அந்த எரிச்சல் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் அது அவளுடையதாக இருக்க வேண்டும். அம்மாவின் எரிச்சலைச் சுமந்துகொண்டு எந்தப் பிள்ளையும் கணக்குப் போட முடியாது.

மழுப்புகிற அந்த அம்மா விஷயம். அவருக்கும் உங்களுக்கு இருக்கிற அதே பயம்தான், அவரைக் குற்றம் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. துணைப்பாட வகுப்பின் பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சனிக்கிழமை அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழையுங்கள். அவள் கணக்குச் சொல்லித் தரட்டும், உங்கள் மகள் தமிழ்க் கட்டுரையில் கை கொடுக்கட்டும். அவள் அம்மா தயங்கினால் நூலகத்தில் சந்திக்கட்டும். இரண்டு பேரும் படிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். மகள் எழுந்து வந்ததும், அவள் எத்தனை சரியாகப் போட்டாள் என்று கேட்கவும் வேண்டாம்.