போனும் கையுமாகத் திரியும் மகள்

அம்மா, உங்கள் மகள் புகைப்படக் கலை படிக்க ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது. 'எல்லாரும்தான் போட்டோ எடுக்கிறார்கள், இதையெல்லாமா படிப்பார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். உங்கள் மகளின் போனில் நாலாயிரம் படங்கள் இருக்கின்றன என்கிறீர்கள். அதை மட்டும் வைத்து, அவளுக்கு இது பொழுதுபோக்கா கலையா என்று என்னால் சொல்ல முடியாது. என் போனிலும்தான் அவ்வளவு இருக்கும்.

ஒன்று செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு அவள் ஒரே ஆளைப் படம் எடுக்கட்டும். அது நீங்களாகவே இருக்கலாம். மாதக் கடைசியில் பத்துப் படங்களை மட்டும் காட்டச் சொல்லுங்கள். மற்றதை ஏன் ஒதுக்கினாள் என்று கேளுங்கள். பொழுதுபோக்குக்கு எடுப்பவர்களுக்கு, ஸ்டேட்டஸில் போட்டதும் வேலை முடிந்துவிடும். கலையாக எடுப்பவர்களுக்கு அங்கேதான் தொடங்கும்: கழிப்பது, சரியில்லை என்று மறுபடி அதே இடத்துக்குப் போய் நிற்பது. இரண்டாம் வாரமே அவளுக்குச் சலித்துவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

மதுரைப் பக்கத்துப் புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் மீன் விற்ற தன் அம்மாவைப் படமெடுத்தவர். ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும் எடுத்தார். 2022-இல், தயானிதா சிங் – பாரி (கிராமப்புற வாழ்க்கையைப் பதிவுசெய்யும் இணைய இதழ்) ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர் அவர்தான். தயானிதா சிங்கும் புகைப்படத்துக்கான சர்வதேச விருதான ஹாசல்பிளாட் விருது பெற்ற புகைப்படக் கலைஞர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர். அந்த நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் புகைப்பட வடிவமைப்பை முதுநிலைப் படிப்பாகவே படிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் என்றால், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பட்டப்படிப்பு இருக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் நான்காண்டு ஒளிப்பதிவுப் பட்டமும் உண்டு.

வருமானம்? கலைப்படம் மட்டும் எடுத்துச் சாப்பிடுபவர்கள் மிகக் குறைவு. பலருக்கும் சோறு போடுவது கல்யாணமும் விளம்பரமும்தான். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். தாலி கட்டும் நொடி திரும்ப வராது. அதைத் தவறவிடாமல் பிடிக்கும் கை எந்த வேலைக்கும் ஆகும். கோடை விடுமுறையில் உள்ளூர் ஸ்டுடியோ ஒன்றில் உதவியாளாக அனுப்பிப் பாருங்கள். லைட் பிடிக்கட்டும், ஆல்பத்துக்குப் படம் பிரிக்கட்டும்.

புது கேமரா மட்டும் இப்போது வேண்டாம். வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் எனக்கு எழுதுகிற பெற்றோர்தான் அதிகம். அந்தப் பத்துப் படங்கள் தேறினால் எழுதுங்கள், என்ன கேமரா வாங்கலாம் என்று பேசுவோம்.