வடிகட்டியைத் தாண்டிப் போகும் பஞ்சு
வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஸ்காபரோவில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கிக் குடியேறினோம். முன்பு ஒரே சுற்றில் காய்ந்த துணிகள் இப்போது ட்ரையரில் இரண்டு சுற்று ஓடினாலும் ஈரமாகவே இருக்கின்றன. சென்ற ஆண்டு இயந்திரம் சூடேறாமல் போனபோது, பழுது பார்க்க வந்தவர் உள்ளே ஒரு ஃபியூஸ் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். நான்கு மாதத்தில் அதே ஃபியூஸ் மறுபடியும் போய்விட்டது. சுவருக்குள் செல்லும் குழாயைச் சுத்தம் செய்யுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பஞ்சு வடிகட்டியைத் தவறாமல் துடைக்கிறோமே, குழாயை ஏன் தொட வேண்டும், இதெல்லாம் காசு பறிக்கும் வேலை என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
(ஒரு வாசகி, ஸ்காபரோ)

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. அதை இந்த வாரமே செய்துவிடுங்கள் என்றும், அதுவரை ட்ரையரை ஓட்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ட்ரையர் துணியைச் சூட்டினால் மட்டும் உலர்த்துவதில்லை, காற்றினாலும் உலர்த்துகிறது. அறையிலுள்ள காற்றை ஒரு விசிறி இழுத்து, சூடேற்றி, சுழலும் உருளைக்குள் துணிகளின் ஊடே செலுத்தி, அவற்றின் ஈரத்தோடு சேர்த்து வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. சலவை இயந்திரத்தில் நன்றாகப் பிழியப்பட்டு வரும் ஒரு கூடை பருத்தித் துணியில்கூட ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் எஞ்சியிருக்கும். அவ்வளவு நீரும் ஆவியாகி, நான்கு அங்குல அகலமுள்ள அந்த ஒற்றைக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வென்ட் என்று நாம் சொல்லும் அந்தக் குழாய் அடைபட்டால் சூடு இருந்தும் துணி காயாது.

உங்கள் கணவர் வடிகட்டியைத் தவறாமல் துடைப்பது மிக நல்ல பழக்கம், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் எந்த வடிகட்டியும் எல்லாப் பஞ்சையும் பிடித்து வைப்பதில்லை. நுண்ணிய இழைகள் வலையின் கண்களிலும் அதன் ஓரத்து இடுக்குகளிலும் நுழைந்து குழாய்க்குள் போய்விடுகின்றன. நம் வீடுகளில் துவைக்கும் சாரம் (லுங்கி), வேட்டி, தடித்த பருத்தித் துண்டு போன்றவை, அதுவும் புதியவையாக இருக்கும்போது, நிறையவே பஞ்சு உதிர்க்கும். இங்கே கனடாவில் குளிர்காலமும் சேர்ந்து கெடுக்கிறது. டவுன்ஹவுஸ்களில் பல நேரங்களில் இந்தக் குழாய், சூடேற்றப்படாத கராஜின் மேல்தளம் வழியாகவோ கூரைக்கடியிலோ செல்கிறது. ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் நீராகப் படிய, அதில் பஞ்சு ஒட்டி, நனைந்த காகிதக் கூழ் காய்ந்தாற்போல் இறுகிவிடுகிறது. வளைவுகளில்தான் முதலில் சேரும். பின்னால் வரும் பஞ்சுக்கு அதுவே பிடிமானமாகிவிடுவதால், முதல் இரண்டு ஆண்டுகளில் தெரியாத அடைப்பு அடுத்த சில மாதங்களில் விரைவாக வளர்ந்துவிடும்.

ஃபியூஸ் இருமுறை போனதாக நீங்கள் எழுதியதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். காற்றோட்டம் குறைந்ததும் சூடு வெளியேற வழியின்றி இயந்திரத்துக்குள்ளேயே தேங்குகிறது. அப்போது ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி சூடேற்றியை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் இயக்கும். உங்கள் துணி காய இரண்டு சுற்று ஆவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதையும் மீறி வெப்பம் ஏறும்போது, கடைசிக் காவலாக வைக்கப்பட்டிருக்கும் வெப்ப ஃபியூஸ் தன்னையே அறுத்துக்கொள்கிறது. ஆகவே அந்த ஃபியூஸ் இரண்டு முறையும் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அது ஏன் போனது என்று பார்க்காமல் புதியதைப் பொருத்திவிட்டுப் போனதுதான் பிழை. நான் பார்த்த வீடுகளிலும் ஒன்றில் இதேபோல் மூன்று முறை ஃபியூஸ் மாற்றியிருந்தார்கள். குழாயைக் கழற்றியபோது இரண்டாம் வளைவில் கை விரல் நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லை.

இந்தக் காவல்கள் எல்லா நேரமும் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. உலர்ந்த பஞ்சு மிக எளிதில் தீப்பிடிக்கும் பொருள். அது குழாயில் மட்டுமின்றி, இயந்திரத்தின் அடியில் மோட்டாரையும் சூடேற்றியையும் சுற்றியும் படிகிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, அந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீவிபத்துகள் துணி ட்ரையரால் ஏற்படுவதாகவும், அவற்றில் 5 பேர் உயிரிழந்து 100 பேர் காயமடைவதாகவும், 3.5 கோடி டாலர் அளவுக்குச் சொத்து இழப்பு நேர்வதாகவும் மதிப்பிட்டது. அவற்றுக்கான முதன்மைக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது, அதாவது 34 விழுக்காடு. இவ்விபத்துகள் இலையுதிர், குளிர்காலங்களில் கூடி ஜனவரியில் உச்சத்தை எட்டுகின்றன என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நாம் கனத்த உடைகளைத் துவைத்து, கொடியில் காயப்போட வழியின்றி ட்ரையரை நாள்தோறும் ஓட்டும் காலமும் அதுவே.

உங்கள் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவதா, எரிவாயுவில் ஓடுவதா என்று நீங்கள் எழுதவில்லை. எரிவாயு என்றால் அவசரம் இன்னும் கூடும். எரிவாயு ட்ரையரில் எரிப்பினால் உண்டாகும் புகையும் இதே குழாய் வழியாகத்தான் வெளியே போகிறது. வழி அடைபட்டால் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே பரவக்கூடும். 2008 டிசம்பரில் நம் ஒன்ராறியோ மாகாணத்தின் வூட்ஸ்டாக் நகரில் ஒரு குடும்பத்தின் நால்வரும் இந்த வாயுவால் இறந்தார்கள். அங்கே அடைபட்டிருந்தது ட்ரையர் குழாய் அன்று, எரிவாயுக் கணப்பின் புகைவழி. ஆயினும் கேடு விளைந்த விதம் ஒன்றே. அந்த இழப்பின் விளைவாகவே ஹாக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் வந்தது. எரிபொருள் கருவிகளோ உள்ளிணைந்த கராஜோ உள்ள ஒன்ராறியோ வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது 2014 முதல் கட்டாயம். உங்கள் வீட்டில் இருப்பது வேலை செய்கிறதா என்று இன்றே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

உங்கள் கணவரின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. தொலைபேசியில் ஓயாமல் அழைத்து ‘டக்ட் கிளீனிங்’ மலிவாகச் செய்து தருகிறோம் என்பவர்களால் இங்கே எல்லாரும் அலுத்துப்போயிருக்கிறோம். அழைக்காமல் வீட்டுக் கதவைத் தட்டி வந்து அந்தச் சேவையை விற்பதை ஒன்ராறியோ அரசு 2018 மார்ச்சிலிருந்து தடை செய்துள்ளது. ஆனால் அவர்கள் பேசுவது வீட்டைச் சூடேற்றும் உலையின் காற்றுக் குழாய்களைப் பற்றி. அவற்றைச் சுத்தம் செய்வது உடல்நலக் கேடுகளைத் தடுக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே கூறுகிறது. ட்ரையர் குழாய் முற்றிலும் வேறு. ஒன்றின் மீதுள்ள வெறுப்பால் மற்றதைக் கைவிட்டுவிடக் கூடாது. தெரிந்தவர்களிடம் விசாரித்து நீங்களே ஒருவரைத் தேடி அழையுங்கள். வேலை முடிந்ததும் வெளியே எடுத்த பஞ்சையும், வெளிச்சுவர் வாயில் வரும் காற்றின் வேகத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

சாதாரணக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். கைக்குழந்தையும் பெரியவர்களுமாக நாள்தோறும் இயந்திரம் ஓடும் வீட்டில், அல்லது குழாய் நீளமாகவும் வளைவுகளோடும் இருக்கும் வீட்டில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. இடையில் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ட்ரையர் ஓடும்போது வெளியே சென்று, சுவரில் அந்தக் குழாய் முடியும் இடத்தைப் பாருங்கள். அதன் மூடிச் சிறகுகள் நன்றாக உயர்ந்து, கையை நீட்டினால் வெதுவெதுப்பான காற்று விசையோடு அடிக்க வேண்டும். சிறகு பாதி திறந்து கிடந்தாலோ, துணி தொட முடியாத சூட்டோடு ஈரமாகவும் வந்தாலோ, அந்த அறையில் புழுக்கமோ கருகல் வாடையோ இருந்தாலோ ஓராண்டு ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: கடையில் கிடைக்கும் தூரிகையை வாங்கி நானே சுத்தம் செய்யலாமா? இயந்திரத்துக்குப் பின்னால் வெள்ளிக் காகிதம் போன்ற சுருங்கி விரியும் குழாய் போட்டிருக்கிறார்கள்.
(ஒரு வாசகர், மார்க்கம்)

பதில்: மின்சார ட்ரையராக இருந்து, குழாயும் குறுகியதாகப் பக்கச் சுவரிலேயே முடிந்தால் தாராளமாகச் செய்யலாம். எரிவாயு இயந்திரத்தை நகர்த்துவதையும், கூரையில் முடியும் குழாய்க்காக ஏணி வைத்து ஏறுவதையும் மட்டும் செய்யாதீர்கள். எரிவாயு இணைப்பைத் தொடுவதற்கு ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற தொழில்நுட்பர் வேண்டும்.

முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு இயந்திரத்தை மெதுவாக முன்னே இழுங்கள். பின்குழாயைக் கழற்றினால் சுவருக்குள் செல்லும் வாய் தெரியும். ஒன்றோடொன்று திருகி நீட்டிக்கொள்ளும் கம்புகளின் முனையில் தூரிகையைப் பொருத்தி, துளையிடும் கருவியால் மெல்லச் சுழற்றியபடி உள்ளே செலுத்த வேண்டும். இதில் பலரும் இடறுவது ஒரே இடத்தில்தான். கருவியை எப்போதும் வலப்புறமாகவே சுழற்ற வேண்டும். இடப்புறமாகச் சுழன்றால் கம்புகளின் திருகு கழன்று தூரிகை சுவருக்குள் மாட்டிக்கொள்ளும், பிறகு சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெளிவாயில் வந்து சேரும் பஞ்சையும், இயந்திரத்தின் பின்வாயிலும் அடித்தரையிலும் கிடப்பதையும் வாக்குவம் கொண்டு உறிஞ்சி எடுங்கள். வெளிவாயில் பறவைக் கூடு இருந்தாலும் இருக்கும், வசந்த காலத்தில் சிட்டுக்குருவியும் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங்கும் இந்த வெதுவெதுப்பான ஓட்டையைத் தேடி வருகின்றன. அதற்காகச் சன்னமான கம்பிவலை அடித்துவிடாதீர்கள். பஞ்சு அதில் படிந்து அதுவே அடைப்பாகும்.

நீங்கள் குறிப்பிட்ட வெள்ளிக் காகிதக் குழாயைக் கழற்றியதோடு எறிந்துவிடுங்கள். மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த அந்தக் குழாயின் மடிப்புகள் ஒவ்வொன்றும் பஞ்சைப் பிடிக்கும், இயந்திரத்தைப் பின்னால் தள்ளும்போது எளிதில் நசுங்கும், தீ வந்தால் தாங்காது. இணைப்புக்கு உறுதியான உலோகக் குழாயும், சுவருக்குள் உட்புறம் வழுவழுப்பான தகரக் குழாயும்தான் வேண்டும். மூட்டுகளில் திருகாணி அடித்தால் அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைக் கோக்கும், ஆகையால் உலோக நாடாவும் இறுக்கு வளையமும் போதும். குழாயின் நீளமும் முக்கியம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட நெறிமுறை பொதுவாக 35 அடியை எல்லையாக வைத்து, ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் 5 அடியைக் கழிக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் நான்கு வளைவுகள் உள்ள குழாய் 15 அடிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் தரப்பட்டிருக்கும் அளவையும் பாருங்கள்.

கேள்வி: அடுக்குமாடியில் இருக்கிறோம். எங்களுக்கும் இது பொருந்துமா?
(ஒரு வாசகர், மிசிசாகா)

பதில்: பொருந்தும். பல கொண்டோக்களில் குழாய் நீளமாக இருப்பதால் இடையில் ஒரு துணை விசிறியும், கூரையருகே அல்லது சுவரில் இரண்டாவது பஞ்சுப் பெட்டி ஒன்றும் வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் கிடக்கும். நிர்வாகத்திடம் கேட்டு அதைக் கண்டுபிடியுங்கள். வெப்பப் பம்பு முறையில் இயங்கும் புதிய ட்ரையர்களுக்கு வெளிக்குழாய் கிடையாது, ஆனால் அவற்றின் வடிகட்டிகளைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: அம்மா சனிக்கிழமைதோறும் பேரப்பிள்ளைகளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். அந்தத் துண்டுகளைத் துவைத்து ட்ரையரில் போடலாமா?
(ஒரு வாசகி, பிராம்ப்டன்)

பதில்: போடக் கூடாது. இதை நம் வீடுகளில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே கடைசியில் தனியாக எடுத்துக்கொண்டேன். நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரியும்போது தாமாகவே வெப்பத்தை வெளியிடுகின்றன. மெல்லப் பரவும் அந்த வெப்பம் சாதாரணமாகக் காற்றில் கரைந்துவிடும். ஆனால் எண்ணெய் ஊறிய துண்டு ட்ரையரில் சூடேறி, அந்தச் சூட்டோடேயே கூடையில் குவிக்கப்பட்டால், உள்ளே வெப்பம் கூடிக்கொண்டே போய், இயந்திரம் நின்று வெகு நேரம் கழித்துக்கூடக் கனன்று தீப்பிடிக்கலாம். ஒருமுறை துவைத்தால் எண்ணெய் முழுவதும் போய்விடுவதில்லை. மூக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும். சமையல் எண்ணெய் பட்ட துணிகளை உள்ளே போட வேண்டாம் என்று ட்ரையர் கையேடுகளிலும் எச்சரித்திருப்பார்கள்.

எண்ணெய்க் குளியல் நல்ல வழக்கம், அம்மாவைத் தடுக்க வேண்டாம். அதற்கென்று இரண்டு பழைய துண்டுகளை ஒதுக்கி வையுங்கள். வெந்நீரில் சற்றுக் கூடுதலாகச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, குளியலறைக் கம்பியிலோ மடக்குக் கொடியிலோ விரித்துக் காயவிடுங்கள். தவறுதலாக ஒன்று மற்றத் துணிகளோடு ட்ரையருக்குள் போயிருந்தால், சூடில்லாத ஆறும் சுற்று முடியும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு எல்லாத் துணிகளையும் உடனே வெளியே எடுத்து, குவிக்காமல் ஒவ்வொன்றாக உதறி விரித்துப் போடுங்கள்.